வார்த்தை அட்டை: வெளிநாட்டு மொழி படிக்கும் பிள்ளைகளுக்கு அம்மாக்கள் செய்யக்கூடியது



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுவின் மாதக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து கடன் தவணையை வரவு வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து, "எனக்கு இன்னொரு பத்தாயிரம் வேணும்" என்றார். ஏற்கனவே அவர் பெயரில் நாற்பதாயிரம் நிற்கிறது. மகள் நர்சிங் முடித்தவள். ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதற்காக ஜெர்மன் மொழி வகுப்பில் சேர்த்தார். அந்தக் கடன்தான் அது. மகள் தேர்வு எழுதினாள், இரண்டு பகுதியில் தேறவில்லை. மறுபடி எழுதப் பணம் கட்ட வேண்டும்.

"ராத்திரி பகலா படிக்குதுங்க. நோட்டு நோட்டா எழுதுது. மறுநாள் கேட்டா வாயில வரமாட்டேங்குது. என் புள்ளைக்கு மூளை பத்தலையோ என்னமோ" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

குழு கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆனால் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்: "முதல் தடவை படிச்ச மாதிரியே படிச்சா ரெண்டாவது தடவையும் அதேதானே ஆகும்? இந்தத் தடவை என்ன மாத்தப் போறீங்க?" யாருக்கும் பதில் தெரியவில்லை. எங்களுக்கும்தான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். மகளோ மகனோ ஜெர்மன், ஜப்பான், அரபி என்று படிக்கிற வீடுகள் இப்போது நம் குழுக்களில் அங்கங்கே இருக்கின்றன. அவர்களுக்குப் பயன்படும்.

முதலில் அந்தப் பெண்ணின் நோட்டைப் பார்த்தோம். ஒரு பக்கத்துக்கு இருபது ஜெர்மன் வார்த்தை, எதிரே தமிழ் அர்த்தம். ஒவ்வொன்றும் பத்துத் தடவை எழுதியிருந்தாள். நாமும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே படித்தோம்? தப்பு எழுதினால் டீச்சர் இம்போசிஷன் கொடுப்பார். எழுதி முடித்ததும் கை வலித்தது மட்டும் ஞாபகம் இருக்கும். பட்டியலைக் காட்டி "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டால் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னாள். நோட்டை மூடிவிட்டு "காய்ச்சலுக்கு ஜெர்மன்ல என்ன? புண்ணுக்கு என்ன?" என்று கேட்டால் திணறினாள். விஷயம் இங்கேதான் இருக்கிறது. பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, வேண்டிய நேரத்தில் தானாக வாயில் வருவது வேறு. கடைத்தெருவில் ஒருவரைப் பார்த்ததும் தெரிந்த முகம் என்று சிரித்துவிடுகிறோம், பெயர் மட்டும் வராது. அது மாதிரி. அவள் தேறாத இரண்டு பகுதி எவை தெரியுமா? கேட்டலும் பேசுதலும். படித்தலிலும் எழுதுதலிலும் யோசிக்க நேரம் இருந்தது, தப்பித்துவிட்டாள்.

மறதியைப் பற்றி முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர். அர்த்தமே இல்லாத அசைகளை நூற்றுக்கணக்கில் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று தன்னையே சோதித்து 1885ல் புத்தகமாக எழுதினார். மனப்பாடம் செய்ததில் பாதிக்கு மேல் முதல் ஒரு மணி நேரத்திலேயே கரைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கரைவது மெதுவாகிறது. ஆகவே "காலையில மறந்துபோச்சு" என்பது மூளைக் குறை இல்லை, எல்லா மனிதர்களுக்கும் அப்படித்தான். மறப்பதற்குள் மறுபடி ஒருமுறை நினைவுக்கு இழுத்தால் அடுத்த முறை மறக்க அதிக நாள் ஆகும். இரண்டாவது முறை இழுத்தால் இன்னும் அதிக நாள்.

"நினைவுக்கு இழுத்தால்" என்று சொல்கிறோம், "திரும்ப வாசித்தால்" என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அழகாகக் காட்டினார்கள். கார்ப்பிக், ரோடிகர் என்று பெயர். கல்லூரி மாணவர்களுக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் 40 வார்த்தை கொடுத்தார்கள். எல்லோரும் முதலில் ஒரே மாதிரி கற்றுக்கொண்டார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன வார்த்தையைச் சிலரிடம் மீண்டும் மீண்டும் கேள்வியாகக் கேட்டார்கள். மற்றவர்களிடம் அதை மறுபடி கேட்கவில்லை, திரும்பத் திரும்ப வாசிக்க மட்டும் விட்டார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு நூற்றுக்கு 80 ஞாபகம் இருந்தது. மற்றவர்களுக்கு 35 சொச்சம்தான். இது 2008ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வந்தது. இன்னொரு வேடிக்கை, படித்து முடித்த கையோடு "எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று கேட்டபோது இரண்டு தரப்பும் பாதி இருக்கும் என்றே சொல்லியிருக்கிறார்கள். வாசித்துக்கொண்டே இருந்தால் நமக்கு நன்றாகத் தெரிகிற மாதிரியே தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் நம் பிள்ளைகள் தேர்வுக்குப் போகிறார்கள்.

அதனால் வேண்டியது கேள்வி. கேள்விக்குச் சுலபமான கருவி அட்டை. நம் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் செயல்வழிக் கற்றல் அட்டை வைத்துப் படித்தார்களே, கிட்டத்தட்ட அது போலத்தான்.

காசு போட்டு வாங்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் நல்ல கெட்டி அட்டை. அச்சில்லாத பக்கங்களைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி, இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டினால் இருபுறமும் வெள்ளையாகக் கிடைக்கும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஜெர்மன். ஜெர்மன் வார்த்தைக்குக் கீழே அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்திலும் எழுதச் சொல்லுங்கள். இது அம்மாவுக்காக. ஏன் என்று பிறகு சொல்கிறோம். ஒரு அட்டையில் ஒரே ஒரு வார்த்தை. நோட்டில் இருப்பதை எல்லாம் அட்டையில் நெருக்கி எழுதினால் அது மறுபடி நோட்டுதான்.

தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஜெர்மன் வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் திருப்பிப் பார்க்கணும். "ம், தெரியும் தெரியும்" என்று மனசுக்குள் சொல்லித் திருப்புவது கணக்கில் சேராது.

அடுத்தது டப்பா. செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர், எப்படிப் படிப்பது என்பதைப் பற்றி 1972ல் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகத்தில் சொன்ன முறை இது. அவர் அஞ்சு அறை வைத்த பெட்டி சொன்னார். எங்கள் உறுப்பினர் வீட்டில் செருப்பு டப்பாவில் அட்டை சொருகி அஞ்சு அறை ஆக்கினோம். புது அட்டை முதல் அறையில் போகும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏறும். தப்பாகச் சொன்னால், அது அஞ்சாவது அறையில் இருந்தாலும் சரி, முதல் அறைக்கே திரும்பணும். முதல் அறை அட்டையைத் தினமும் கேட்க வேண்டும். இரண்டாவது, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை. எது எப்போது என்று குழம்பாமல் இருக்க அட்டையின் மூலையில் அடுத்த தேதியைப் பென்சிலால் குறித்து, தேதி வரிசையில் அடுக்கி வைத்தோம். இதைச் சொன்னதும் அந்த அம்மா, "அட, இது நம்ம தவணைப் புத்தகம்தானே! இன்னைக்கு யார் யார் கட்டணும்னு பார்க்கிற மாதிரி" என்றார். நாங்கள் அரைமணி நேரம் விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

தவணை என்றதால் இதையும் சொல்ல வேண்டும். இங்கேதான் நிறைய பேர் தோற்கிறார்கள். ஜெர்மன் தேர்வு நடத்தும் கோதே இன்ஸ்டிட்யூட், சென்னையில் மேக்ஸ் முல்லர் பவன் என்பார்களே அவர்கள்தான், வார்த்தைப் பட்டியல் வெளியிடுகிறார்கள். ஏ1 என்ற ஆரம்ப நிலைக்குச் சுமார் 650 வார்த்தை. ஏ2வுக்கு 1,300. பி1க்கு 2,400. நர்ஸ் வேலைக்குப் பெரும்பாலும் அதற்கும் மேலே பி2 வரை கேட்கிறார்கள். 2,400 என்றதும் மலைத்துப்போய் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 40, 50 என்று ஆரம்பிக்கிறார்கள். முதல் வாரம் ஜோராகப் போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அட்டை அஞ்சு அறையையும் தாண்ட, தப்பே விடாவிட்டாலும் அஞ்சு தடவை நம்மிடம் வந்தாக வேண்டும். தினம் 10 புது வார்த்தை என்றால், ஒன்றிரண்டு மாதம் போன பிறகு தினமும் சராசரி 50 அட்டை வரும். தப்பு விட்டுத் திரும்பி வருவதைச் சேர்த்து 60, 70 என்று வையுங்கள். அரைமணி, முக்கால்மணி நேர வேலை. தினம் 40 என்றால்? 200, 250 அட்டை. இரண்டு நாள் உடம்பு சரியில்லை என்றால் 500 சேர்ந்துவிடும். அப்புறம் டப்பாவைத் திறக்கவே பயமாக இருக்கும். வாங்கும்போது இனித்து, வாராவாரம் கட்டும்போது கழுத்தை நெரிக்கிற பல கடன் கதை நமக்குத் தெரியாததா? இந்தப் பெண்ணும் எங்கள் பேச்சைக் கேட்காமல் தினம் 30 என்று ஆரம்பித்து, மூன்றாவது வாரம் அழுதுகொண்டு டப்பாவைப் பரண்மேல் போட்டாள். இறக்கி, புது அட்டையைப் பத்து நாள் நிறுத்தி, நிலுவையை மட்டும் முடிக்க வைத்தோம். பிறகுதான் தினம் 10. இந்தக் கணக்கில் 2,400 வார்த்தைக்கு 240 நாள், அதாவது எட்டு மாதம். அவளுக்குப் பாதி வார்த்தை ஏற்கனவே உறுதியாக இருந்ததால் நான்கு மாதம் போதுமாக இருந்தது. தேர்வுத் தேதியை வைத்துப் பின்னாலிருந்து எண்ணி முடிவு செய்யுங்கள். இரண்டே மாதத்தில் முழு மொழி என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர்களிடம் காட்டுங்கள்.

ஜெர்மனில் ஒரு தனித் தொல்லை உண்டு. நமக்குக் கரண்டியும் கத்தியும் அஃறிணை, அவ்வளவுதான். அவர்களுக்கு ஸ்பூன் ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை: டெர் லோஃபல், டீ காபெல், டாஸ் மெஸ்ஸர். ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது. அதனால் டெர், டீ, டாஸ் இல்லாமல் வார்த்தையைத் தனியாக எழுதவே கூடாது. ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்கு சிவப்பு, மூன்றாவதுக்குப் பச்சை என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதினால் வார்த்தையோடு நிறமும் சேர்ந்து மனதில் பதியும்.

நமக்கு அனுகூலமும் இருக்கிறது. மருத்துவம், மனை சேர்ந்து மருத்துவமனை ஆவது போல ஜெர்மன்காரர்களும் சொற்களைச் சேர்த்துச் சேர்த்துப் புதுச் சொல் செய்கிறார்கள். 'ப்ளூட்' ரத்தம், 'ட்ருக்' அழுத்தம், 'ப்ளூட்ட்ருக்' என்றால் பிரஷர். இரண்டு தெரிந்தால் மூன்றாவது இலவசம்.

ஒட்டாத வார்த்தைக்கு ஒரு கொக்கி போடலாம். 'ம்யூடெ' என்றால் களைப்பு. "ம்யூடெ, முடியலெ" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், மறக்காது. காதுக்கு 'ஓர்', அது தலையின் ஓரத்தில்தானே இருக்கிறது? மூக்குக்கு 'நாஸெ'. நாம் நாசி என்று சொல்லும் வடமொழிச் சொல்லுக்கு இது தூரத்துச் சொந்தமே. எல்லா வார்த்தைக்கும் கொக்கி தேட வேண்டாம், நேரம் போய்விடும். மூன்று தடவைக்கு மேல் முதல் அறைக்குத் திரும்பி வரும் அட்டைக்கு மட்டும் போதும். இங்கிலீஷ் மாதிரி இருந்து ஏமாற்றும் வார்த்தையும் உண்டு. ஜெர்மனில் 'கிஃப்ட்' என்றால் விஷம். நர்ஸ் வேலைக்குப் போகிறவள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது!

இப்போது அம்மா விஷயம். "எனக்கு ஜெர்மன் தெரியாதே, நான் என்ன செய்ய முடியும்?" என்றுதான் அவரும் கேட்டார். அட்டையைக் கையில் பிடித்துத் தமிழ்ப் பக்கத்தை வாசிக்க வேண்டும். மகள் சொல்வதை, பின்னால் தமிழ் எழுத்தில் இருக்கும் உச்சரிப்போடு ஒத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான். குழுவில் சேர்ந்த பிறகு எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியவர் அவர். அந்த வாசிப்பு இதற்குத் தாராளமாகப் போதும். தனியாகப் படிக்கும்போது பிள்ளை தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளலாம். அம்மாவிடம் முடியாது. அவள் "டீ மெஸ்ஸர்" என்றால் இவர் "டாஸ்னு போட்டிருக்கு, பச்சையில" என்று அட்டையை முதல் அறையில் போட்டுவிடுவார். இரவுச் சமையல் நேரம்தான் இவர்கள் வகுப்பு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நம் 'ப' எழுத்து இரண்டு ஒலிக்கும் பொது, ஜெர்மனில் உள்ள சில ஒலி தமிழில் இல்லவே இல்லை. ஆகவே உச்சரிப்பை மகள் முதலில் வகுப்பிலோ செல்போனிலோ காதால் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

செல்போனிலேயே இந்த வேலையைச் செய்ய 'அங்கி' என்று ஒரு செயலி 2006லிருந்து இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் இலவசம். எந்த வார்த்தை எந்த நாள் என்று அதுவே கணக்கு வைத்துக்கொள்ளும். நல்லதுதான். யாரோ செய்து வைத்த அட்டைகளை இறக்கிக்கொள்வதைவிட சொந்தமாகச் செய்வதே மேல் என்பது எங்கள் அபிப்பிராயம், எழுதும்போதே கொஞ்சம் பதிகிறது. போனைத் திறந்த பிள்ளை அரைமணி நேரத்தில் மூடுமா என்பது உங்களுக்கே தெரியும்.

வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் உறுப்பினர்களுக்கும் இதே முறை உதவும். போய் வந்த ஒருவர் எங்களிடம் சொன்னார்: "தண்ணி, சோறு, துணி எல்லாம் நாலு நாள்ல பழகிடும். அவசரத்துக்கு வேணுங்கிற வார்த்தைதான் யாரும் சொல்லித் தரலை." ஆகவே புறப்படும் முன் முதல் பத்து அட்டையில் இவை இருக்கட்டும்: சம்பளத்துக்கு ராத்திப், பாஸ்போர்ட்டுக்கு ஜவாஸ், ஆஸ்பத்திரிக்கு முஸ்தஷ்ஃபா, போலீசுக்கு ஷுர்தா, தூதரகத்துக்கு சிஃபாரா, வலிக்கு அலம். தண்ணீருக்கு 'மாய்' என்பதைப் பதினொன்றாவதாகப் படிக்கலாம். எழுத வராதவர்கள் அட்டையில் படம் வரைந்துகொண்டு, பேரப்பிள்ளையைக் கேட்கச் சொல்லலாம்.

வார்த்தை மட்டும் மொழி ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறோம். செங்கல் அடுக்கினால் மட்டும் வீடாகாது, கலவை வேண்டும். முதல் மாதம் கழிந்ததும் தனி வார்த்தைக்குப் பதிலாகச் சின்ன வாக்கியம் எழுதச் சொன்னோம். "வலி" என்பதற்குப் பதில் "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?", "வெறும் வயிறு" என்பதற்குப் பதில் "நீங்கள் வெறும் வயிற்றோடு இருக்கிறீர்களா?" நோயாளியிடம் கேட்கப் போவது அதைத்தானே.

பணம் கட்டும் முன் இரண்டு விஷயம். பி1 தேர்வில் நான்கு பகுதி: படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு 60 வேண்டும். தேறாத பகுதியை மட்டும் தனியாக எழுதலாம், முழுத் தேர்வுக்கும் மறுபடி கட்ட வேண்டியதில்லை. இது தெரியாமல் முழுசாகக் கட்டியவர்கள் உண்டு. இரண்டாவது, தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்ஸ்களுக்கு ஜெர்மன் பயிற்சி நடத்தியிருக்கிறது. தனியார் வகுப்புக்குக் குழுவில் கடன் கேட்கும் முன் அங்கே ஒருமுறை விசாரியுங்கள்.

அந்தப் பெண் நான்கு மாதம் கழித்து இரண்டு பகுதியையும் மறுபடி எழுதினாள். கேட்டலில் தேறிவிட்டாள். பேசுதலில் 57, மூன்று மார்க்கில் போய்விட்டது. அடுத்த தேதிக்குப் பதிந்திருக்கிறாள். இந்த முறை பணத்தை ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்துத் தானே கட்டினாள். அம்மா தவணை தவறாமல் கட்டிவருகிறார், பாக்கி இருபத்தி ஓராயிரம்.

போன கூட்டத்துக்கு அந்த டப்பாவைக் கொண்டு வந்திருந்தார். எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். களை எடுத்துவிட்டு நேராக வந்திருந்த ஒரு உறுப்பினர் சுவரில் சாய்ந்துகொண்டு, "எனக்கு இன்னைக்கு ரொம்ப ம்யூடெ, கையெழுத்து எங்க போடணும்னு சொல்லுங்க" என்றார். வெட்டிய அட்டைகள் ஐந்நூறு கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம், பழைய பத்திரிகை இருந்தால் கொண்டு வந்து கொடுங்கள்.